தோற்றால் எது போகும்?

2019 செப்டம்பரில், க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த ஆண்டு முதலாமாண்டில் சேர்ந்திருந்த மாணவர் ஒருவரின் முகமும் நீட் நுழைவுச் சீட்டில் இருக்கும் முகமும் ஒன்றல்ல என்று அதில் எழுதியிருந்தது. விசாரித்ததில், மும்பை மையம் ஒன்றில் அவர் பெயரில் வேறு யாரோ தேர்வு எழுதியது தெரிந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. மாணவரோடு அவருடைய தந்தையும் கைதானார். சென்னையில் அரசு மருத்துவராக இருந்தவர் அவர். அடுத்த சில வாரங்களில் வேறு கல்லூரிகளிலும் மாணவர்கள் பிடிபட்டார்கள், கூடவே அப்பாக்களும் உள்ளே போனார்கள். ஓராண்டு கழிந்தது. 2020 அக்டோபரில் நீட் முடிவு வந்தபோது, அதே மாவட்டத்தில், பெரியகுளத்தை அடுத்த சில்வார்பட்டி அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளியில் படித்த ஒரு மாணவர் 720-க்கு 664 எடுத்திருந்தார். ஆடு மேய்ப்பவரின் மகன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் முதல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் அவருக்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நீதிக்கதை தானாகக் கிளம்பிவிடும். பேராசை பிடித்த அப்பா ஒருவர், எளிய அப்பா ஒருவர். முன்னவர் பிள்ளையைக் கெடுத்தார், பின்னவர் பிள்ளையை அதன் போக்கில் விட்டார், அது ஜெயித்தது. மேடைகளில் இப்படிச் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் இந்தக் கதை உண்மையை மறைக்கிறது. பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பைப் பற்றிப் பெற்றோருக்குள் இருக்கும் வேறுபாட்டை நாம் எப்போதும் குணத்தின் வேறுபாடாகவே பேசிவருகிறோம். ஒருவர் ‘வெறி பிடித்தவர்’, இன்னொருவர் ‘அக்கறை இல்லாதவர்’, மூன்றாமவர் ‘பிள்ளை இஷ்டத்துக்கு விடுபவர்’. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் குணத்துக்கு இதில் பங்கு குறைவு என்று தெரியும். பிள்ளை தோற்றால் அந்தக் குடும்பத்திடமிருந்து என்ன போகும் என்ற கணக்குதான் பெற்றோரின் மனப்போக்கைத் தீர்மானிக்கிறது. சில குடும்பங்களுக்குப் போவது மானம். சில குடும்பங்களுக்குப் போவது ஒரு வருடம். சில குடும்பங்களுக்கு ஒன்றுமே போகாது.

ஒன்றும் போகாதவர்களிடமிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் வழக்கமான எண்ணத்தைக் குலைப்பவர்கள் அவர்கள்தான். வசதி கூடக்கூடப் போட்டி மனமும் கூடும் என்றுதானே நினைக்கிறோம்? போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பங்கள், இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள், சின்னமனூரில் வாழைத்தோப்பும் கம்பம், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலும் உள்ளவர்கள், கடைவீதியில் மொத்த வியாபாரக் கடை உள்ளவர்கள் ஆகியோர் வசதியில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் இவர்களில் பல வீடுகளில் ப்ளஸ் டூ மதிப்பெண் ஒரு பெரிய விஷயமே இல்லை. பையன் ஏதாவது ஒரு டிகிரி முடித்தால் போதும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். தோட்டமும் கடையும் அவனுக்காகக் காத்திருக்கின்றன, அவற்றுக்குக் கட்-ஆஃப் கிடையாது. பெரியகுளத்திலேயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள், மாநிலம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கிறார்கள். அதே மாவட்டத்தில் பந்தல் வைத்திருப்பவரின் மகன் மதுரையில் பி.காம் படித்துக்கொண்டிருப்பான். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. சொத்து கைமாற எந்தத் தேர்வும் குறுக்கே நிற்காத வீட்டில் தேர்வைப் பற்றிய பயமும் வளர்வதில்லை.

மாதச் சம்பளக்காரர் வீடு வேறு மாதிரி. ஆசிரியர், வங்கி ஊழியர், வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பவர், மின்வாரியப் பொறியாளர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களிடம் இருப்பது பதவியும் அதனால் வந்த மரியாதையும். வாத்தியார் வேலையைப் பையன் பெயருக்கு உயில் எழுதிவைக்க முடியாது. தாம் ஏறிவந்த ஏணியைப் பிள்ளையும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும், அந்த ஏணியோ வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டே போகிறது. மருத்துவர் வீட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே சொத்தும் உண்டு: கட்டிய நர்சிங் ஹோம், வாங்கிப்போட்ட ஸ்கேன் இயந்திரம், முப்பது வருடமாக வந்துகொண்டிருக்கும் நோயாளிகள். ஆனால் அந்தச் சொத்துக்குப் பூட்டு போட்டிருக்கிறது. சாவி ஒரு நுழைவுத்தேர்வில் இருக்கிறது. பிள்ளை தேறாவிட்டால் ஒரு தலைமுறை உழைப்பைக் கைமாற்ற ஆள் இல்லை. மலையில் தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கல்யாண வீட்டிலும் கிளப்பிலும் ‘பையன் என்ன பண்றான்?’ என்று கேட்கும் ஆட்கள் எல்லோருமே அந்தத் தேர்வை அறிந்தவர்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கூலிக்காரர் மகன் டாக்டர் ஆகாவிட்டால் அதை யாரும் பேசப்போவதில்லை. டாக்டர் மகன் டாக்டர் ஆகாவிட்டால் ஊரே பேசும். 2019 வழக்கில் சிக்கிய தந்தையின் மனத்துக்குள் என்ன இருந்தது என்று யூகிக்க நமக்கு உரிமை இல்லை. செய்தது குற்றம், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஆள்மாறாட்டம் போன்ற ஒரு காரியத்துக்குப் பணம் இருக்கும் வீடுகள் ஏன் துணிகின்றன என்ற கேள்விக்கு, தோல்வியை அவர்களால் வெளியே சொல்ல முடியாது என்பது பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது.

இது தமிழ்நாட்டுக்கோ நீட்டுக்கோ மட்டும் உரிய நோய் அல்ல. அதே 2019-இல், மார்ச் மாதம், அமெரிக்காவில் பாஸ்டன் அரசு வழக்கறிஞர்கள் ஐம்பது பேர் மீது குற்றம் சாட்டினார்கள். நடிகைகள், நிறுவனத் தலைவர்கள், வழக்கறிஞர்கள் எனப் பெரும்பாலோர் செல்வாக்குள்ள பெற்றோர். பிள்ளைகளின் நுழைவுத்தேர்வை வேறு ஆளை வைத்து எழுதவைப்பது, விடைத்தாளைத் திருத்தவைப்பது, விளையாடவே தெரியாத பிள்ளையை விளையாட்டு வீரராகக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் நுழைப்பது போன்றவை அவர்கள் மீதான குற்றங்கள். அந்தப் பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தாலும் வாழ்க்கையில் பட்டினி கிடந்திருக்கப் போவதில்லை. பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்று போய்விடும் என்ற பயம்தான் அங்கேயும். மத்தியாஸ் டொப்கே, ஃபப்ரிசியோ ஸிலிபொட்டி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2019-இல் வெளியிட்ட நூலில் இதையே நாடுகளின் அளவில் வைத்துப் பார்த்தார்கள். மேல்படிக்கும் கீழ்படிக்கும் வருமான இடைவெளி பெரிதாக உள்ள நாடுகளில் பெற்றோரின் கெடுபிடி அதிகம். ஸ்வீடன் போல இடைவெளி சிறிதாக உள்ள நாடுகளில் பிள்ளைகளை இலகுவாக விடுகிறார்கள். ஸ்வீடன்காரர்கள் பிறவியிலேயே சாந்தமானவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கீழே விழுந்தாலும் அடிபடாத தரையில் நிற்பவர்களுக்குச் சாந்தம் சுலபம்.

இனி மூன்றாவது வகை, பள்ளத்தாக்கில் எண்ணிக்கையில் பெரியது. விடியும் முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடித் தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியில் பழைய சோறு, தலையில் துண்டு, இடுக்கிய பையில் மழைக்கோட்டு என்று பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்து, களை வெட்டி, பொழுது சாய்ந்து கீழே இறங்குவார்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர்கள் அடுத்த மாநிலத்தில் இருப்பார்கள். வரவேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும். அதற்கும் மேலாக, நாளை அந்த ஜீப்பில் தமக்கு இடம் இருக்குமா என்ற கவலை. கூட்டத்துக்கு வராத இந்தப் பெற்றோரைத்தான் ‘பிள்ளை படிப்பில் ஆர்வம் இல்லாதவர்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளை டாக்டர் ஆகாவிட்டால் இவர்களுக்கு மானம் போகாது, யாரும் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் ஒரு வருடம் போனால் தாங்காது. பதினெட்டு வயதுப் பையன் ஒரு வருடம் சம்பாதிக்காமல், கல்லூரியிலும் சேராமல், வீட்டில் உட்கார்ந்து மறுபடி தேர்வுக்குப் படிப்பது என்பது அவர்கள் கணக்கில் வரவே வராத செலவு. அதனால் மே மாதம் மதிப்பெண் வந்ததும் எது முதலில் கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடுகிறார்கள். பக்கத்து ஊர் ஆர்ட்ஸ் காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., நர்சிங் என்று ஏதோ ஒன்று. ‘புள்ள சும்மா இருக்கக் கூடாது’ என்பதுதான் கொள்கை. அது ஆசை குறைந்ததால் வந்த கொள்கை இல்லை, கையில் ஒரே ஒரு சீட்டு வைத்திருப்பவரின் எச்சரிக்கை.

சில்வார்பட்டி மாணவரின் கதையில் எல்லோரும் 664-ஐத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய எண். 2019-இல் முதல் முறை நீட் எழுதியபோது அவர் எடுத்தது 193. அதே பையன், அதே அப்பா, அதே வீடு. நடுவில் நடந்தது ஒன்றுதான்: பள்ளி ஆசிரியர்களும் வெளியாட்களும் முன்வந்து பணம் திரட்டி, அவரை நாமக்கல்லில் ஒரு வருடம் பயிற்சி மையத்தில் படிக்கவைத்தார்கள். அந்த வருடத்தின் செலவை வேறு யாராவது ஏற்றிருக்காவிட்டால், 193-ஓடு ஏதாவது ஒரு கல்லூரியில் அவர் சேர்ந்திருப்பார். அப்பாவுக்கு ‘ஆர்வம் இல்லை’ என்று நாமும் முடிவு கட்டியிருப்போம். மாறியது குடும்பத்தின் மனப்போக்கு என்று யாராலும் காட்ட முடியாது. தோல்வியின் விலை மாறியது.

இரண்டாம் வருடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு அரசின் ஆவணங்களே சாட்சி. 2021-இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு நீட்டின் விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2016-17-இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் ப்ளஸ் டூ முடித்துத் திரும்ப முயன்றவர்கள் சுமார் 12 விழுக்காடு. 2020-21-இல் அது 71 விழுக்காட்டைத் தாண்டியது. பயிற்சி மையத்தின் பங்கும் அப்படித்தான். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட விவரப்படி அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் தனிப்பயிற்சி எடுக்காதவர்கள் 48 பேர். தேர்வு பாடத்தைச் சோதிக்கிறது என்கிறோம். குடும்பம் இன்னொரு வருடம் தாங்குமா என்பதையும் அது சேர்த்துச் சோதிக்கிறது. இதைப் பெற்றோர் எல்லோரும் அறிவார்கள். எழுதப்படிக்கத் தெரியாத தாய்க்கும் தெரியும். தெரிந்துதான் பலர் அந்தப் பந்தயத்தின் பக்கமே போவதில்லை.

7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் முதல் கலந்தாய்வு நடந்த 2020 நவம்பரிலேயே இதற்கு ஒரு நேரடிச் சோதனை நடந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்ததும் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக ஏறத்தாழ 400 இடங்கள் திறந்தன. ஆனால் கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் ஒதுக்கப்பட்ட சில மாணவர்கள் அதை வேண்டாம் என்றுவிட்டு வெளியே வந்தார்கள். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் சில ஆயிரம், தனியாரில் லட்சங்கள். பிள்ளை டாக்டர் ஆவதற்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்ற இடத்தில் பெற்றோர் பின்வாங்கியதை எந்த மனப்பான்மையைக் கொண்டு விளக்குவது? பிறகு, அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. முன்பே விட்டுவிட்டவர்களின் வேதனை அப்போது செய்தியானது. சில நாள் இடைவெளியில் ஒரு குடும்பத்தின் ‘விருப்பம்’ தலைகீழாக மாறுகிறது என்றால், அதை விருப்பம் என்று எழுதுவது அவ்வளவு சரியல்ல.

ஏலக்காய் விலையும் இதற்குத் துணைச் சாட்சி சொல்லும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் விளைச்சல் விழுந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. சிறிய தோட்டக்காரர் ஒருவரின் மகள் 2019-இல் ப்ளஸ் டூ முடித்தாளா, 2021-இல் முடித்தாளா என்பதைப் பொறுத்து அவளுடைய அப்பா தாராள மனக்காரராகவோ கஞ்சராகவோ தெரிந்திருப்பார். பந்தல் திராட்சைக்கும் இதே நிலைதான். பழம் வெடித்துக் கொட்டிய போகத்தில் எந்தப் பிள்ளைக்கும் மதுரையில் ஹாஸ்டல் கிடையாது.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு, சமூகப் பழக்கத்தை முன்வைப்பது. ஒரே வருமானம் உள்ள இரண்டு சாதிக் குடும்பங்கள் பிள்ளைகளை ஒரே மாதிரி படிக்கவைப்பதில்லையே, அப்படியானால் கலாசாரம்தானே காரணம் என்கிறார்கள். பார்வைக்கு வலுவான வாதம். ஆனால் அந்தக் ‘கலாசாரம்’ எதனால் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். நாடார் உறவின்முறைகள் என்ற சாதிச் சங்கங்கள் மகமை வசூலித்துப் பள்ளி கட்டிய வரலாறு தெற்கே எல்லோரும் அறிந்தது. தேனியில் நாடார் சரஸ்வதி பெயரில் நடக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் உறவின்முறையின் நிறுவனங்கள்தான். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் 1956-இல் ஹவுதியா கல்லூரி தொடங்கியபோது பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு மதுரைக்குப் போகாமலே பட்டப்படிப்புக்கு வழி பிறந்தது. மூட்டைக்கு இவ்வளவு, வியாபாரத்துக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமைப் பணம், ஒரு வீட்டுப் பிள்ளை தடுமாறினால் தாங்கிப்பிடிக்கும் பொதுப் பணமாயிற்று. அப்படி ஒரு பின்புலம் இருக்கும்போது தனிக் குடும்பம் துணிகிறது. மூன்று தலைமுறை துணிந்தால் அதற்குக் கலாசாரம் என்று பெயர் வருகிறது. அப்படிப்பட்ட பொதுப் பணம் சேராத, சேர்க்க நிலமோ கடையோ இல்லாத மக்களைப் பார்த்து உங்களிடம் அந்தப் பண்பாடு இல்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது மறுப்பு கல்வி ஆலோசகர்களுடையது. பெற்றோருக்குத் தகவல் இல்லை, டாக்டர் இன்ஜினீயரைத் தாண்டி ஆயிரம் படிப்புகள் இருக்கின்றன, அதைச் சொல்லிக்கொடுத்தால் வெறியும் குறையும், அலட்சியமும் குறையும் என்பார்கள். 2022-இல் அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ திட்டங்களின் அடிப்படையும் ஓரளவு இதுதான். தகவல் வேண்டும், மறுப்பே இல்லை. எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாமல் இடத்தை இழந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் சம்பளக்காரர் வீட்டில் தகவல் கூடக்கூடக் கெடுபிடியும் கூடுகிறது. எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்-ஆஃப் என்பதைப் பதினோராம் வகுப்பிலேயே மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மாக்கள்தான் பிள்ளையை அதிகம் நெருக்குகிறார்கள். ஜீப் ஏறும் தாய்க்கோ, ஆயிரம் படிப்புகளின் பட்டியலைக் கையில் கொடுத்தாலும் அவற்றில் எதை முயன்று தோற்றால் பரவாயில்லை என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. 2017-இல் மாநில அரசு பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனாலும் மே மாதம் தேனி நேரு சிலைப் பக்கம் போனால் சென்டம் எடுத்தவர்களின் முகங்கள் ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். அரசு அறிவிக்காவிட்டால் பள்ளிகள் அறிவிக்கின்றன, பள்ளிகள் அறிவிக்காவிட்டால் வாட்ஸ்அப் அறிவிக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் வாதம் இவ்வளவு நேராகப் போவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூலிக் குடும்பத்துக்கு மானக் கணக்கு இல்லை என்றேன். மகள் என்று வந்ததும் அந்தக் குடும்பத்திலும் அது வந்துவிடுகிறது. மகன் மதுரையிலோ கோவையிலோ சேர்ந்தால் செலவு மட்டும்தான் பேச்சு. மகள் சேர்ந்தால் தூரம், விடுதி, பஸ் எத்தனை மணிக்கு, துணைக்கு யார் என்று பேச்சு நீளும். பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971-இல் வந்தது. இன்று தேனியிலும் கம்பத்திலும் மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. மாலைக்குள் வீடு திரும்பும் தூரத்தில் கல்லூரி என்பதுதான் இரண்டு தலைமுறைப் பெண்களைப் படிக்கவைத்தது. தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கில் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28 சொச்சம். இந்த உயரத்துக்கு இப்படிப்பட்ட சிற்றூர்க் கல்லூரிகளின் பங்கு பெரிது. ஆனால் அதே தூரக் கணக்கு ஒரு கூரையாகவும் நிற்கிறது. அறுநூற்றுக்கு ஐந்நூற்றெண்பது எடுத்த மகளும் நானூறு எடுத்த மகளும் ஒரே உள்ளூர்க் கல்லூரியில் ஒரே பி.எஸ்சி. வகுப்பில் உட்கார்கிறார்கள். மகளுக்கு ‘இன்னொரு வருடம் முயலட்டும்’ என்று சொல்ல வசதியுள்ள அப்பாவும் தயங்குவார், ஏனென்றால் வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு ஜாதகம் கேட்டு ஆள் வந்துவிடும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் இந்த இடத்தில் சிறிய பணம் அல்ல. வீட்டில் அவள் கல்லூரியை விடாமல் இருக்க அது ஒரு வாதமாகிறது. தூரத்தைக் குறைக்கும் வேலையை அந்தப் பணத்தால் செய்ய முடியாது. மதுரை ரயில் பன்னிரண்டு ஆண்டு போல நின்றுபோய் 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்ப வந்தது. ஒரு ரயில் நேரம் மாறினால் எத்தனை அப்பாக்களின் மனம் மாறும் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

நீட்டுக்கு அரசு இலவசப் பயிற்சி கொடுக்கிறதே என்பது அடுத்த கேள்வி. 2017-இல் ஒன்றியங்கள்தோறும் 412 மையங்கள் என்று அறிவித்து, வார இறுதிகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. இந்த ஏற்பாடுகளின் கவனம் எப்போதும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருந்துவருகிறது. தேர்வில் வென்றவர்களில் பெரும்பான்மை ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆனவர்கள் என்று ராஜன் குழுவின் எண்கள் சொல்லும்போது, உதவி மட்டும் ப்ளஸ் டூவோடு முடிகிறது. ப்ளஸ் டூ தேறி, கல்லூரியில் சேராமல் மறுமுயற்சி செய்யும் பிள்ளை அரசின் கணக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. புதுமைப் பெண் பணமும், பையன்களுக்கான அதே மாதிரித் திட்டமான தமிழ்ப் புதல்வன் பணமும் கல்லூரியில் சேர்ந்தவருக்கு. பஸ் பாஸும் விடுதியும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பெயர் உள்ளவருக்கு. அந்த ஒரு வருடம் அவர் மாணவரும் அல்லர், தொழிலாளியும் அல்லர். தனியார் பயிற்சி மையங்கள் பிழைப்பதே அந்த ஓராண்டு வெற்றிடத்தில்தான். தேனி மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புத் துறை, ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை என்று மூன்று துறைகளுக்கும் விடுதிகள் உண்டு. அவற்றில் சிலவற்றையேனும், ப்ளஸ் டூவுக்குப் பிந்தைய ஒரு வருடத்துக்கு, சாப்பாடு, படுக்கை, பாடம் மூன்றோடும் திறந்துவிட முடியும். சில்வார்பட்டி மாணவருக்காக நல்ல மனம் படைத்த சிலர் செய்ததை ஒரு துறை செய்யக் கூடாது என்று விதி இல்லை.

இந்த யோசனைக்குக் கடுமையான எதிர்ப்பு ஒன்று உண்டு, அது எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. 7.5 விழுக்காட்டுக்குள் போட்டியிடுபவர்கள் எல்லோருமே அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் திரும்ப எழுதுபவருக்கு அரசு உதவினால், முதல் முறை எழுதும் இன்னொரு கூலிக்காரர் மகனின் இடம்தான் போகும். ஏழைக்கு எதிராக ஏழையையே நிறுத்துவதாக ஆகும். இன்று தனியார் மையம் செய்வதை அரசே பொதுப் பணத்தில் செய்ததாக முடியும். மருத்துவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த எதிர்ப்பு சரி. ஆகவே அந்த வருடம் ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் என்று வரம்பு வேண்டும். அதோடு அது நீட்டுக்கான வருடமாக மட்டும் இருக்கக் கூடாது. பட்டயக் கணக்காளர் முதல்நிலைத் தேர்வு, தேசிய அளவிலான சட்டம், பொறியியல், வடிவமைப்பு நுழைவுத்தேர்வுகள் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இன்று அதிகம் எட்டிப் பார்க்காத கதவுகள் நிறைய இருக்கின்றன. அப்படி ஒரு கதவில் நுழைய வேண்டிய ஒரு பிள்ளை இரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டால், ஒரு வருடம் பொறுத்து மறுபடி முயல அதன் தாய் சம்மதிக்கிறாளா என்று அப்போது பார்க்கலாம். சம்மதிக்காத தாய்மார்களும் இருப்பார்கள். பிள்ளைக்கே அலுத்துப்போயிருக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கலாம், உண்மையிலேயே ஆர்வம் இல்லாமலும் இருக்கலாம். அவர்கள் எத்தனை பேர் என்பது அந்த வருடத்தை எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியவரும்.